ஆறு நிமிடச் சுற்றலும் 260 மீட்டர் வயலும்: போட்டிப் பறப்பில் ஒரு வயலிறக்க விபத்து

வயலின் மேற்குக் கோடியில் இருந்த வடிகால் கரையில் பக்கவாட்டாக மோதி, மோட்டார் இல்லாத விமானமான கிளைடர் நின்றது. வால் தண்டு, செங்குத்து வாலுக்குச் சற்று முன்னால் முறிந்து தொங்கியது. இடது இறக்கை முனையில் மக்காச்சோளத் தட்டைகள் சிக்கியிருந்தன. விமானிக்கு முதல் இடுப்பு முள்ளெலும்பு நசுங்கி முறிந்தது, வலது கணுக்காலும் உடைந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. கண்ணில் பட்ட காரணம் எளிது: வயல் சிறியது, வேகம் அதிகம். ஆனால் அந்தச் சிறிய வயலுக்கு அவர் ஏன் வந்து சேர்ந்தார் என்று தேடினால், கடைசி 90 வினாடியில் விடை இல்லை. அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் இருக்கிறது.

இங்கே விவரிப்பது ஒரு தனி விமானியின் விபத்து அறிக்கை அல்ல. இவ்வகை விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கண்ணிகளை ஒரே பறப்பாகக் கோத்து, கற்பிப்பதற்காக அமைத்த மாதிரி நிகழ்வு. அதனால் ஊர்ப்பெயரும் தேதியும் இல்லை. தூரம், உயரம், வேகம் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தும்படி கணக்கிட்டவை. வாசகர் தாமே பென்சில் எடுத்துச் சரிபார்க்கலாம்.

பறப்பின் பின்னணி

மத்திய ஐரோப்பா, ஜூலைக் கடைசி. கிளப் வகுப்புப் போட்டியின் நான்காம் நாள். கிளைடர் எல்.எஸ்.4: 15 மீட்டர் இறக்கை, 10.5 சதுர மீட்டர் இறக்கைப் பரப்பு, சிறந்த சறுக்கு விகிதம் ஏறக்குறைய 40க்கு 1, அதாவது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னே போகும். எடை கூட்டும் தண்ணீர் ஏற்றவில்லை. விமானி, பாராசூட் எல்லாம் சேர்த்து 345 கிலோ. அன்றைய பணி, அதாவது பறக்க வேண்டிய பாதை, 312 கி.மீ. காற்று மேற்கிலிருந்து மணிக்கு 20 கி.மீ. கடைசிக் கால் (பாதையின் கடைசிப் பகுதி) கிழக்கு நோக்கியது, அதாவது காற்று முதுகில்.

பிற்பகல் 4 மணிக்குப் பிறகு மேற்கிலிருந்து மெல்லிய உயர்மேகப் போர்வை படர்ந்தது. வெயில் மங்கினால் தெர்மல் (சூடான நிலத்திலிருந்து மேலெழும் காற்று) உடனே சாவதில்லை. முதலில் இடைவெளி கூடும், பிறகு வலு குறையும், கடைசியில் மேலே இருப்பவருக்கு மட்டும் ஏற்றம் கிடைக்கும், கீழே வந்தவருக்குக் கிடைக்காது. இந்த மூன்றாம் கட்டத்தில்தான் போட்டியாளர்கள் கூட்டமாக வயல்களில் இறங்குகிறார்கள். அது விபத்து அல்ல. மோட்டார் இல்லாத கிளைடரில் நாடு தாண்டிப் பறப்பவருக்கு வயலில் இறங்குவது விளையாட்டின் இயல்பான பகுதி. ஒழுங்காகத் திட்டமிட்ட வயலிறக்கத்தில் கிளைடருக்கு ஒரு கீறலும் விழாது.

போட்டி மைதானம் கடல் மட்டத்திலிருந்து 365 மீட்டர். விமானி தன் ஆல்டிமீட்டரை (உயரமானியை) அங்கே பூஜ்யமாக வைத்துப் புறப்பட்டார். வீட்டுக்குச் சறுக்கும் கணக்குக்கு இது வசதி. ஆனால் கண்முன் இருக்கும் எண், காலடியில் உள்ள நிலத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. இந்தச் சிறு வசதி பின்னால் 90 மீட்டரை விழுங்கியது.

லாகர் சொன்ன கதை

போட்டிக் கிளைடர் ஒவ்வொன்றிலும் ஃபிளைட் லாகர் உண்டு. ஒவ்வொரு வரியிலும் நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, அழுத்த உயரம், செயற்கைக்கோள் உயரம் ஆகியவை பதிவாகும். அழுத்த உயரம் 1013.25 ஹெக்டோபாஸ்கலை அடிப்படையாகக் கொண்டது. அன்றைய உண்மை அழுத்தத்துக்கு அதைத் திருத்தாமல் நிலப்படத்தோடு ஒப்பிட்டால் பல பத்து மீட்டர் பிழை வரும். இதற்கு நல்ல வழி, கிளைடர் நின்ற பிறகு பதிவான வரிகளை எடுத்து, அந்த இடத்தின் அறிந்த உயரத்தோடு பொருத்திக்கொள்வது. காற்றைப் பொறுத்த கிளைடரின் வேகம் லாகரில் இல்லை. தெர்மலில் சுற்றியபோது வட்டங்கள் நகர்ந்த வேகத்திலிருந்து காற்றைக் கணக்கிட்டு, அதைத் தரைவேகத்தோடு கூட்டியோ கழித்தோதான் கிளைடரின் வேகத்தை ஊகிக்க வேண்டும். பதிவு இடைவெளி ஒரு வினாடியாக இருந்தால் கடைசி வளைவு தெளிவாகத் தெரியும். நான்கு வினாடியாக இருந்தால் அந்த வளைவு இரண்டு மூன்று புள்ளியாகச் சுருங்கி, சாய்வுக் கோணத்தை நம்பிச் சொல்ல முடியாது. போட்டிக்கு முன் இந்த அமைப்பை ஒருமுறை பார்த்துவைப்பது பெரிய வேலையில்லை.

16:47. கிளைடர் அகன்ற பள்ளத்தாக்கின் மேல், தரையிலிருந்து 620 மீட்டரில் இருக்கிறது. கீழே நிலம் கடல் மட்டத்திலிருந்து 395 மீட்டர். வாற்கோதுமையும் எண்ணெய்க் கடுகும் அறுத்துமுடிந்த தாளடி வயல்கள், 400 முதல் 600 மீட்டர் நீளத்தில், மேற்கு-கிழக்காக வரிசையாகக் கிடக்கின்றன. மரம் இல்லை, சரிவு இல்லை. மைதானத்துக்கு இன்னும் 58 கி.மீ. இந்த உயரத்திலிருந்து அங்கே எட்ட வாய்ப்பே இல்லை.

16:50. அவர் பள்ளத்தாக்கின் கிழக்கு விளிம்புக்கு வருகிறார். 300 மீட்டர் மேலே இன்னொரு கிளைடர் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே போய்ச் சேர்ந்து சுற்றத் தொடங்குகிறார். உயரம் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டர், தரையிலிருந்து 405. வேரியோமீட்டர் (ஏறும், இறங்கும் வீதத்தைக் காட்டும் கருவி) ஒரு பாதி வட்டத்தில் ஏற்றம், மறு பாதியில் இறக்கம் காட்டியிருக்க வேண்டும். பதிவில் நிகர ஏற்றம் வினாடிக்கு 0.1 மீட்டர்கூட இல்லை.

16:56:20. ஆறு நிமிடம் இருபது வினாடி சுற்றியாயிற்று. அதிகபட்சமாக 830 மீட்டர் எட்டி, இப்போது 765. ஆல்டிமீட்டர் முள் 435இலிருந்து 400க்கு வந்திருக்கிறது. விமானியின் கண்ணுக்கு இழப்பு 35 மீட்டர்தான். ஆனால் காற்று அவரை 2 கி.மீக்கும் மேல் கிழக்கே தள்ளிவிட்டது. அங்கே நிலம் 455 மீட்டருக்கு உயர்ந்திருக்கிறது. தரையிலிருந்து உண்மை உயரம் 310. ஆக, இழப்பு 95 மீட்டர். அவர் சுற்றிக்கொண்டிருந்தபோது நிலம் மேலே வந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் நிற்க வேண்டும். பலவீனமான தெர்மலில் சுற்றுவது ஒரே இடத்தில் நிற்பது அல்ல. மணிக்கு 20 கி.மீ காற்றில் ஒவ்வொரு நிமிடமும் 330 மீட்டர் நகர்ந்துகொண்டே இருப்பீர்கள். மேலே ஏறும்போது அது பொருட்டில்லை. ஏறாதபோது, சுற்றத் தொடங்கிய இடத்தில் இருந்த நல்ல வயல்கள் உங்கள் காற்றுமுகத்தில் பின்தங்கிப் போகின்றன. சுற்றத் தொடங்கும்போது ‘இந்த வயல் என் கையில் இருக்கிறது’ என்று நினைத்தவர், ஐந்து நிமிடம் கழித்தும் அதே நினைப்பில் இருப்பார். வயல் கையைவிட்டுப் போயிருக்கும். கீழே எந்த வயல் உங்களுடையது என்பதை இரண்டு வட்டத்துக்கு ஒருமுறை புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

16:57:10. மேலும் இரண்டு வட்டம். தரையிலிருந்து 250 மீட்டர். இப்போதுதான் பாதை நேராகிறது. அவர் இறங்க முடிவெடுத்த கணம் இது.

திரும்பிப் போக முடிந்ததா?

முடிந்தது. பள்ளத்தாக்கின் கடைசித் தாளடி வயல்கள் மேற்கே 2.3 கி.மீ. அவை 60 மீட்டர் தாழ்வில் இருப்பதால், அந்த நிலத்திலிருந்து கிளைடரின் உயரம் 310 மீட்டர். எதிர்காற்றில் மணிக்கு 100 கி.மீ பறந்தால் தரைவேகம் 80. கடக்க ஆகும் நேரம் 104 வினாடி. இந்த வேகத்தில் கிளைடரின் இறங்குவீதம் வினாடிக்கு 0.75 மீட்டர். கெட்ட காற்றுக்கு இன்னொரு 0.5 சேர்த்துக்கொண்டால் இழப்பு 130 மீட்டர். ஆக 180 மீட்டர் உயரத்தில், காற்றுக்கு எதிராக, 500 மீட்டர் நீள வயலின் வாசலில் போய் நிற்கலாம். இறங்குமுன் வயலைச் சுற்றிவரும் முறையான சுற்றுப்பாதைக்கு அது போதாது, நேராக இறங்கத் தாராளம்.

அவர் ஏன் திரும்பவில்லை என்பதற்கு லாகரில் பதில் இல்லை. போட்டிப் பழக்கத்தில் இருக்கிறது. நான்கு மணி நேரமாக ஒரே திசையை நோக்கிப் புள்ளி சேர்த்துவந்த மனம், பின்பக்கம் உள்ள வயலை வயலாகவே பார்ப்பதில்லை. விமானியின் கண் மூக்கின் இரு பக்கமும் அறுபது பாகைக்குள்தான் தேடுகிறது. தண்ணீர் குடிக்காமல், களைத்து, ஒற்றை ஏற்றத்தில் குறியாக இருப்பவருக்கு அந்த வளையம் இன்னும் சுருங்கும்.

அந்த ஆறு நிமிடத்தில் அவர் சம்பாதித்தது என்ன என்றும் பார்த்துவிடுவோம். எஃப்.ஏ.ஐ என்ற உலக வான்விளையாட்டுச் சம்மேளனத்தின் 1000 புள்ளி முறையில் நாளின் புள்ளிகள் வேகத்துக்கும் தொலைவுக்கும் பிரிகின்றன. பலர் வீடு திரும்பினால் தொலைவின் பங்கு மூன்றில் ஒன்று வரை குறையும், யாரும் திரும்பாவிட்டால் முழுவதும் தொலைவுக்கே. 312 கி.மீ பணியில் ஒரு கிலோமீட்டரின் விலை ஏறக்குறைய 1 முதல் 3 புள்ளி. காற்று அவரை இழுத்துப்போன 2.3 கி.மீக்கு அதிகபட்சம் ஏழு புள்ளி.

தேர்ந்த வயல்

250 மீட்டரில் அவருக்குக் கிடைத்தவை மூன்று. ஒன்று, நன்கு வளர்ந்த மக்காச்சோளம், இரண்டு மீட்டர் உயரம். இரண்டு, மாடுகள் மேயும் சிறு புல்வெளி, நடுவே மின்கம்பங்கள். மூன்று, வெளிர்மஞ்சளாக ஒரு கோதுமைத் தாளடி, காற்றுத் திசைக்கு இணையாக. மூன்றாவதைத் தேர்ந்தார். மூன்றில் அதுவே குறைந்த தீங்கு. ஆனால் அதன் குணம் மேலிருந்து தெரியவில்லை.

நீளம் 260 மீட்டர், அகலம் 70. கிழக்குக் கோடியில் 15 மீட்டர் உயரக் காடு. மேற்குக் கோடியில் வேலிச்செடியும் அதையொட்டி வடிகாலும். தெற்கு ஓரம் முழுவதும் மக்காச்சோளம். நிலம் மேற்கு நோக்கி 5 விழுக்காடு சரிகிறது, அதாவது 260 மீட்டரில் 13 மீட்டர் இறக்கம்.

இந்தச் சரிவை அவர் பார்த்திருக்க முடியாது என்பதே எங்கள் மதிப்பீடு. சரிவு, வயலுக்கு நேர் மேலே நின்றால் தெரியாது. பக்கத்திலிருந்து, தள்ளி நின்று பார்த்தால்தான் தெரியும். அதற்கு நேரமும் உயரமும் வேண்டும். நிலத்தின் மற்ற அடையாளங்கள் உதவும்: ஓடை எந்தப் பக்கம், வடிகால் எங்கே, ஊர் மேட்டிலா பள்ளத்திலா, மழைநீர் மண்ணை அரித்த தடம் எப்படிப் போகிறது. மேற்கே வடிகால் இருந்ததே ஒரு துப்பு. நீர் ஓடும் பக்கம் பள்ளம். பழைய பயிற்சியாளர்கள் சொல்வது ஒன்றுண்டு: மேலிருந்து பார்க்கும்போதே சரிவு தெரிந்தால் அது கடுஞ்சரிவு, ஏறுமுகமாக மட்டுமே இறங்கு.

தாளடியா, நிற்கும் கதிரா என்ற ஐயம் இங்கே எழவில்லை. ஜூலையில் பலர் ஏமாறுவது அதில்தான் என்பதால் சொல்லிவைக்கிறோம். முற்றிய கோதுமையும் அறுத்த தாளும் தூரத்தில் ஒரே நிறம். அறுத்த வயலில் அறுவடை இயந்திரத்தின் பட்டைப் பட்டையான வரிகள், வைக்கோல் வரிசை அல்லது கட்டுகள் தெரியும். நிற்கும் பயிரில் மருந்து தெளிக்கும் டிராக்டரின் இரட்டைக் கோடுகள் மட்டும், கருமையாக, ஆழமாகத் தெரியும். வைக்கோல் உருளைகள் உள்ள வயலில் இரு உருளை வரிசைக்கு நடுவே இறக்கை போகுமா என்று பார்க்காமல் இறங்கக் கூடாது. ஒரு பெரிய உருளை சில நூறு கிலோ கனக்கும்.

எந்தப் பக்கம் இறங்கியிருந்தால்?

அவர் காற்றுக்கு எதிராக, அதாவது மேற்கு நோக்கி, இறக்கத்தில் இறங்கினார். காற்றை மட்டும் பார்த்தால் சரி. சரிவையும் மரத்தையும் சேர்த்தால் தவறு.

ஏர்பிரேக் (இறக்கையிலிருந்து எழும் தடுப்புத் தகடுகள்) முழுவதும் திறந்தால் இந்தக் கிளைடர் நிலையான காற்றில் ஏறக்குறைய 7க்கு 1 சறுக்கும். 100 கி.மீ வேகமும் 20 கி.மீ எதிர்காற்றும் இருந்தால், தரையைப் பொறுத்து 5.6க்கு 1, அதாவது 100 மீட்டருக்கு 18 மீட்டர் இறக்கம். ஆனால் நிலமும் 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கி ஓடுகிறது. கிளைடர் நிலத்தை நெருங்குவது 13 மீட்டர் மட்டுமே. மரநுனிக்கு 5 மீட்டர் இடைவெளி விட்டுக் கடந்தால், 20 மீட்டர் உயரத்தைக் கரைக்க 155 மீட்டர் வயல் போய்விடும். பிறகு நிலத்தை ஒட்டி வேகம் குறையக் காத்திருக்கும் மிதப்பு, இறக்கத்தில் குறைந்தது 100 மீட்டர். சக்கரம் தொடும்போது 255 மீட்டர் முடிந்துவிடும், தரைவேகம் மணிக்கு 53 கி.மீ இருக்கும், எதிரே வடிகால். இது எல்லாம் சரியாகச் செய்தால் வரும் விடை.

கிழக்கு நோக்கி, முதுகில் காற்றோடு, ஏற்றத்தில் இறங்கியிருந்தால்? தரைவேகம் 40 கி.மீ கூடுதல் என்பது அச்சமூட்டும். ஆனால் மேற்கு வாசலில் 3 மீட்டர் வேலிச்செடி மட்டும். நிலம் எதிர்கொண்டு ஏறிவருகிறது. கடக்க 47 மீட்டர், மிதப்பு 80, தொட்ட பிறகு சக்கர பிரேக்கும் ஏற்றமும் சேர்ந்து நிறுத்த 140. மொத்தம் 267. இதுவும் 7 மீட்டர் குறைகிறது. ஆனால் மோதும் வேகம் மணிக்கு 20 கி.மீ சுற்று. 53க்கும் 20க்கும் உள்ள வித்தியாசம் ஆற்றலில் ஏழு மடங்கு.

ஆகவே நேர்மையான முடிவு: எந்தப் பக்கம் இறங்கினாலும் இந்த வயல் போதாது. ஒரு பக்கம் ஏறக்குறையப் போதாது, மறு பக்கம் அறவே போதாது. வயல் நீளத்தை மதிப்பிட எளிய கணக்கு ஒன்று உண்டு. வாசலில் உள்ள தடையின் உயரத்தைப் பத்தால் பெருக்கி, நீளத்தில் கழித்துவிடுங்கள். 15 மீட்டர் மரம் என்றால் 150 மீட்டர் வயல் இல்லை என்று பொருள். 260இல் மிஞ்சுவது 110. இறங்குமுகச் சரிவில் அந்தக் கணக்குகூடக் குறைவாகவே சொல்கிறது.

கடைசி 90 வினாடி

வயலின் வடக்குப் பக்கமாகக் கிழக்கு நோக்கிப் பறந்து, வலப்பக்கம் 180 பாகை திரும்பி மேற்கு முகமாக இறங்குவது அவர் திட்டம். டவுன்விண்ட் கால் (காற்றை முதுகில் வாங்கி வயலுக்கு இணையாகப் பறக்கும் பகுதி) வயலிலிருந்து 150 மீட்டர் தள்ளி மட்டுமே போகிறது. தாழ்வாக இருப்பவர்கள் வயலை விட்டுவிடுவோமோ என்ற அச்சத்தில் அதை ஒட்டிக்கொள்வது வழக்கம். 200 மீட்டர் உயரத்துக்கு 350 மீட்டராவது தள்ளியிருந்தால்தான் இடையில் ஒரு பேஸ் கால் (வயலின் திசைக்குக் குறுக்காகப் பறக்கும் பகுதி) கிடைக்கும். அந்தக் காலில்தான் உயரம் கூடுதலா குறைவா என்று பார்த்து, வயலை நெருங்கியோ விலகியோ சரிசெய்ய முடியும்.

150 மீட்டருக்குள் 180 பாகை திரும்ப 75 மீட்டர் ஆரம் வேண்டும். மணிக்கு 100 கி.மீ வேகத்தில் அதற்கு 45 பாகைக்கு மேல் சாய்வு. 45 பாகைச் சாய்வில் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே இறக்கை கிளைடரைத் தாங்காது) 19 விழுக்காடு உயரும்: சமநிலையில் 70 என்றால் இப்போது 83. அதிலும் காற்று முதுகில் தள்ளும்போது நிலம் வேகமாக ஓடுவதைப் பார்த்துக் கை தன்னையறியாமல் கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னிழுக்கும், கால் உள்பக்க ரடரை (வால் சுக்கானை) மிதிக்கும். இவ்வகை விபத்தின் உயிர்குடிக்கும் வடிவம் இதுதான். 70 மீட்டரில் ஸ்பின் (சுழன்றபடி விழுவது) தொடங்கினால் மீள உயரம் கிடையாது. இந்த விமானி அதற்கு எதிர்ப்பக்கம் தவறினார். மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டினார். கணக்கிட்டால் ஏறக்குறைய 118 கி.மீ. அதுவே அவரை ஸ்பின்னிலிருந்து காத்தது, அதுவே வயலின் கடைசிக்குக் கொண்டுபோனது. இரண்டில் எது நடந்திருந்தால் நல்லது என்று கேட்டால், நடந்ததுதான்.

வேகம் கூடியதால் வளைவு அகன்று, வயலின் நடுக்கோட்டைத் தாண்டித் தெற்கு ஓரத்தில் நேரானார். மரநுனிகளுக்கு 12 மீட்டர் மேலே கடந்தார். மேற்குக் காற்று சரிவில் ஏறிவருவதால் அங்கே காற்றே மெல்ல மேலெழுகிறது, வினாடிக்கு 0.3 மீட்டர். சிறிய எண்தான். ஏற்கெனவே நீண்டுவிட்ட சறுக்கலை அது இன்னும் நீட்டியது. ஏர்பிரேக்கோடு சைட்ஸ்லிப் (பக்கவாட்டில் வழுகி இறங்குவது) சேர்த்திருந்தால் கொஞ்சம் உயரம் கரைந்திருக்கும். பயிற்சி இல்லாதவர் மரநுனியில் முதல்முறை முயலக்கூடிய வேலை அல்ல அது.

நிலத்தில் கிடைத்த தடங்கள்: முதல் சக்கரத் தடம் வாசலிலிருந்து 205 மீட்டரில், ஆழமாக, குட்டையாக. வேகம் குறையுமுன் குச்சியை முன்தள்ளி அழுத்தி இறக்கியதன் அடையாளம். கிளைடர் எகிறியது. இரண்டாம் தடம் 226 மீட்டரில். அங்கிருந்து பிரேக் பிடித்த சக்கரம் இழுத்த கோடு. 240 மீட்டரில் இடது இறக்கை முனை மக்காச்சோளத்தில் மாட்டியது. விமானி வேண்டுமென்றே இறக்கையைச் சாய்த்தாரா, ஓரமாக இருந்ததால் தானே மாட்டியதா என்று தடத்தை வைத்துச் சொல்ல இயலாது. மோதலைத் தவிர்க்கக் கடைசி வழியாக கிரவுண்ட் லூப் (தரையில் கிளைடரைச் சட்டெனச் சுழற்றுவது) செய்வது கற்பிக்கப்படும் உத்திதான். தாளடியில் முனையைத் தேய்த்தால் கிளைடர் சறுக்கிச் சுழலும். பயிரில் மாட்டினால் கதவுக் கீல் போல ஒரே அடியில் திரும்பும். வால் தண்டு முறிவது அந்த அடியில்தான்: பின்னால் நீண்டிருக்கும் எடை திரும்ப மறுக்கிறது, தண்டு நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது. பிறகு வலது பக்கம் முன்னாக, மணிக்கு 45 கி.மீ சுற்றில் வடிகால் கரை.

முதுகெலும்பு ஏன் உடைந்தது

கிளைடரில் விமானி படுத்தவாக்கில் அமர்ந்திருக்கிறார். அவர் முதுகுக்கும் நிலத்துக்கும் இடையே ஒரு சக்கரமும் சில சென்டிமீட்டர் உடற்கூடும் மட்டுமே. சக்கரம் அழுத்தி இறங்கிய முதல் அடியும், கரையில் ஏறிய கடைசி அடியும் நேராக முதுகுத்தண்டில் ஏறுகின்றன. மார்பு முதுகும் இடுப்பு முதுகும் சந்திக்கும் இடம்தான் பெரும்பாலும் நசுங்குகிறது.

இந்த விமானி உயரம் சரிசெய்ய ஐந்து சென்டிமீட்டர் மென்மையான பஞ்சு மெத்தை வைத்திருந்தார். சொகுசாக இருக்கும், ஆபத்து. மெத்தை முதலில் ஒன்றும் தாங்காமல் அமுங்கும். அதற்குள் இருக்கை மேலே எகிறி வேகம் எடுத்துவிடும். மெத்தை முழுவதும் நசுங்கிய கணத்தில் உடல் அந்த வேகத்தை ஒரே அடியாக வாங்கும். மெத்தை இல்லாததைவிட இது மோசம். மெல்ல அழுத்தினால் இணங்கி, திடீரென அடித்தால் இறுகும் ஆற்றல் உறிஞ்சும் நுரையே வைக்க வேண்டும்.

இடுப்புப் பட்டை தளர்ந்திருந்தது. நீண்ட பறப்பில் சிறுநீர் கழிக்கத் தளர்த்துவார்கள், பிறகு இறுக்க மறப்பார்கள். தோள்பட்டையை மட்டும் இறுக்கினால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறி, உடல் அடியில் வழுகும். வரிசை: முதலில் இடுப்பு, இடுப்பெலும்போடு ஒட்ட, பிறகு தோள். கருவிப் பலகைக்குப் பின்னால் உள்ள 2.5 கிலோ பேட்டரி தன் பிடியில் இருந்தது, நல்லவேளை. ஐரோப்பிய வடிவமைப்பு விதிகளில் முன்னோக்கிய மோதலுக்கு முன்பு 9 ஜி (புவியீர்ப்பின் 9 மடங்கு) என்றும் இப்போது 15 ஜி என்றும் வகுத்திருக்கிறார்கள். 15 ஜியில் அந்த பேட்டரி 37 கிலோவாக இழுக்கும்.

மீட்பு நன்றாக நடந்தது. அதை விரைவாகச் சொல்லிவிடலாம்: மேலே சுற்றிக்கொண்டிருந்த விமானி வானொலியில் இடத்தைச் சொன்னார், டிராக்டரில் வந்த விவசாயி 112ஐ அழைத்தார், விமானியை வெளியே இழுக்காமல் தலையைப் பிடித்தபடி பேச்சுக் கொடுத்தார். அந்த ஒன்று முதுகுத்தண்டைக் காத்தது. மேலே யாரும் இல்லாதிருந்தால் கதை வேறு. மேட்டுநிலத்தில் ஃபிளார்ம் (மோதல் எச்சரிக்கைக் கருவி) சமிக்ஞை தரையை ஒட்டியதும் மறைந்துவிடும். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர சமிக்ஞைக் கருவி விமானியின் உடலில், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பின்பெட்டியில் வைத்தால் முறிந்த முதுகோடு எடுக்க முடியாது.

மாற்ற வேண்டியவை

உயர வரம்புகள் எல்லா விமானிக்கும் தெரிந்தவை: தரையிலிருந்து 600 மீட்டரில் இறங்கத்தக்க பகுதி, 450இல் வயல், 300இல் சுற்றுப்பாதை. அதற்குக் கீழே தெர்மல் தேடக் கூடாது. இந்த நிகழ்வில் மூன்றும் மீறப்பட்டன. ஆனால் ஆல்டிமீட்டர் முள்ளின்படி பார்த்தால், இறங்க முடிவெடுத்தபோது அது 340இல் நின்றது, 300 வரம்புக்கு மேலேதான். விதியை மதித்த நினைப்பிலேயே அவர் அதை மீறியிருக்கலாம். எனவே நாடு தாண்டும் பறப்பில் ஆல்டிமீட்டரைக் கடல் மட்டத்துக்கு வைத்து, பணியின் ஒவ்வொரு காலுக்கும் நிலத்தின் உயரத்தைப் படத்தில் தடித்த எண்ணில் எழுதிவைப்பது நல்லது. வழிகாட்டிக் கணினியில் நில உயரத் தரவு இருந்தால் ‘தரையிலிருந்து உயரம்’ பெட்டியைத் திரையில் எப்போதும் தெரியும்படி வையுங்கள். அது தாழ்வில் பிழைபடும் என்பதால் 300 மீட்டருக்குக் கீழே கண்ணை மட்டும் நம்புங்கள்.

சுற்றத் தொடங்கும்போதே ஒரு முடிவு உயரத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது பலன் தரும்: “இந்த வயல், இந்த முள், இதற்குக் கீழே போனால் திரும்பிவிடுவேன்.” காற்றுமுகத்தில் உள்ள வயலுக்குச் சறுக்க ஆகும் உயரத்தையும் அதில் சேர்க்க வேண்டும். 20 கி.மீ காற்றில், இறங்கும் காற்றுக்கும் இடம்விட்டு, ஒரு கிலோமீட்டருக்கு 60 மீட்டர் வைத்துக்கொண்டால் தவறு வராது.

போட்டி நடத்துவோருக்கும் வேலை இருக்கிறது. வயலில் இறங்கியவரின் தொலைவை நின்ற இடத்திலிருந்து அளந்தால், பின்னால் திரும்பி நல்ல வயலைத் தேடுபவர் புள்ளி இழக்கிறார். பதிவில் அவர் எட்டிய மிகச் சாதகமான இடத்திலிருந்து அளந்தால் அந்த அபராதம் மறைகிறது. காலைக் கூட்டத்தில் வானிலைக்கு இருபது நிமிடம் கொடுக்கும்போது, அன்றைய பணியில் வயலே இல்லாத பகுதிகள் எவை, எந்தப் பயிர் அறுத்தாயிற்று, எது நிற்கிறது என்பதற்கு ஐந்து நிமிடம் கொடுக்கலாம். பருவத் தொடக்கத்தில் மோட்டார் கிளைடரில் பயிற்சியாளரோடு போய், ஒரு பிற்பகலில் எட்டுப் பத்து வயல்களைத் தேர்ந்து, தாழ்வாக அணுகி மீண்டும் ஏறிப் பார்க்கும் பயிற்சி, நூறு பக்கம் படிப்பதைவிட மேல். அன்று மாலையே காரில் போய் அந்த வயல்களில் இரண்டையாவது காலால் நடந்து அளக்க வேண்டும். வானிலிருந்து தட்டையாகத் தெரிந்த வயலில் நடக்கும்போது கெண்டைக்கால் வலித்தால், அங்கே எந்தப் பக்கமாக அணுகினீர்கள் என்பதைப் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.